பால்கனி அறைக்குப் பணம் கட்டினோம், ஜன்னலே இல்லாத அறை கிடைத்தது: பெரியவர்களைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறவர்கள் படிக்கவும்

நம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து கொச்சி போய்க் கப்பல் ஏற இந்த முறையும் சிலர் பணம் கட்டியிருக்கிறீர்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம். அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் மாமாவுக்கு எழுபது முடிந்தது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. முப்பது வருடம் தேங்காய் லாரி ஓட்டியவர். நாக்பூர் வரைக்கும் எந்தச் சந்தைக்கு எந்த வழி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் கப்பல் ஏறியதில்லை. "லட்சத்தீவு மணல்ல ஒருக்கா கால வெச்சுட்டு வந்தாப் போதும்" என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அத்தை போட்டுக்கொண்டிருந்த குறி (சீட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏப்ரலில் கைக்கு வந்தது. அந்தப் பணத்தை அப்படியே இதில் போட்டோம். அவர்கள் இருவர், நாங்கள் இருவர், எங்கள் பையன். ஐந்து பேருக்கு 2,16,000 ரூபாய். கொச்சியில் ஏறி, லட்சத்தீவில் ஒரு பகல் இறங்கி, மும்பையில் முடியும் மூன்று இரவுப் பயணம்.

மாமாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்திருக்கிறது. வாக்கர் வைத்து நடப்பார், நாலு படிக்கு மேல் ஏற மாட்டார். அத்தைக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இதையெல்லாம் ஏஜென்ட்டிடம் மறைக்கவில்லை. மாமாவையே கூட்டிக்கொண்டு பாலக்காட்டில் அவர் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து சொன்னேன். நம் பக்கத்து ஆள்தான், தமிழில்தான் பேசினார். "அக்கா, கப்பல்ங்கறது மெதக்கற ஓட்டல்ங்க. லிப்ட் இருக்குது, வீல்சேர் இருக்குது. அப்பாவ பால்கனில உக்கார வெச்சுட்டீங்கன்னா கடலு தானா அவருகிட்ட வரும்" என்றார். மாமா முகம் மலர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் முன்பணத்தை எண்ணி வைத்தேன்.

பேசிய பேச்சு இது. பெரியவர்களுக்குப் பால்கனி அறை. எங்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும். லட்சத்தீவில் இறங்குவதற்கு அனுமதிக் கட்டணம் என்று தலைக்கு 1,500 ரூபாய் தனி. சாப்பாடு எல்லாம் உள்ளடக்கம். பாதி நேரில் சொன்னார், பாதி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினார். அந்தக் குரல் பதிவுகளை நான் அழிக்காமல் வைத்திருந்ததுதான் இன்றைக்குக் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.

வவுச்சர், அதாவது பதிவு விவரச் சீட்டு, வந்தது கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு. ஆறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். பெயர் சரியா, நேரம் சரியா என்று பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அந்த ராத்திரி ஒரு வார்த்தையை நான் படித்திருந்தால் மாமாவை வண்டியில் ஏற்றியிருக்கவே மாட்டேன்.

அந்த வார்த்தை 'கேரண்டி'. நமக்கு அது உறுதி என்று காதில் விழும். கப்பல் வியாபாரத்தில் அதற்குப் பொருள் வேறு. கேரண்டி அறை என்றால், அறை ஒன்று நிச்சயம் உண்டு, ஆனால் அது எந்தத் தளம், எந்த மூலை என்பதைக் கப்பல்காரர்கள் கடைசியில் முடிவு செய்வார்கள். பொதுவாக அந்த வகையில் இருப்பதிலேயே மலிவானது அதுதான். எங்கள் தாளில் இரண்டு அறைக்குமே 'இன்டீரியர் கேரண்டி', அதாவது ஏதோ ஓர் உள்ளறை, என்றுதான் இருந்தது.

வெல்லிங்டன் தீவில் சோதனையெல்லாம் முடித்து, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் மாமாவின் அறைக் கதவைத் திறந்தோம். நாலு பக்கமும் சுவர். ஒரு பக்கம் திரைச்சீலை தொங்கியது. விலக்கினேன், அங்கேயும் சுவர். "ஜன்னல் எங்க சாமி?" என்று மாமா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அத்தை பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

வரவேற்பு மேசையில் இருந்த தம்பி மலையாளி, பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று வாரம் முன்பே இந்த வகையில்தான் இரண்டு அறையும் பதிவாகியிருக்கிறது. பால்கனிக்கு என்று நாங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் கப்பலுக்கு வரவே இல்லை. காசு கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றால் பால்கனி எல்லாம் நிறைந்துவிட்டது. ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டேன். முதல் தடவை எடுத்து, "சிஸ்டம் மிஸ்டேக்குங்க, நான் பேசிக்கறேன்" என்றார். அப்புறம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கப்பல் கிளம்பி, கரை சிக்னலும் போய்விட்டது.

ஜன்னல் இல்லாவிட்டால் என்ன, தூங்கத்தானே அறை என்று சிலர் நினைக்கலாம். இளவயதுக்காரர்களுக்கு அது சரி. மாமா மாதிரி ஆளுக்கு அந்த அறையேதான் பாதிக் கப்பல். அடிக்கடி எழுந்து போக முடியாதவர் பகலில் பெரும்பொழுது அங்கேதான் இருக்கப்போகிறார். இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது, அதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். கப்பல் ஆடும்போது காதின் உட்பகுதி 'ஆடுகிறோம்' என்கிறது, நாலு சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரணில்தான் தலைசுற்றலும் வாந்தியும் வருகிறது. தூரத்துத் தொடுவானம் கண்ணில் பட்டால் கொஞ்சம் அடங்கும். உள்ளறையில் தொடுவானத்துக்கு எங்கே போவது? அதோடு எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் முன்முனை, மேல் தளம். நம் ஊர்க் கிணற்று ஏற்றமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கை வைத்தால் அசைவே தெரியாது, முனையில் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதி, கீழ்த்தளம், அங்கேதான் ஆட்டம் குறைவு. வயதானவர்களுக்கு அறை எடுக்கும்போது இந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த வாரம் கேரளக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வேறு இருந்தது. காற்றோ மழையோ இல்லாமல், தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்றில் எழுந்த அலைகள் நாட்கணக்கில் ஓடிவந்து திருடன் மாதிரிக் கரை ஏறும். அதனால்தான் நம் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012இல் யுனெஸ்கோவே அந்தப் பெயரை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. மழைக்காலத்துக்கு முந்தின ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம் வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. பள்ளி விடுமுறை என்று நாம் மே மாதத்தைப் பிடிக்கிறோம். அது கடலுக்கு நல்ல மாதம் இல்லை என்று விற்கிறவர் சொல்லவில்லை. முதல் ராத்திரி அத்தை பதினோரு தடவை வாந்தி எடுத்தார். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தங்கவில்லை என்றால் சர்க்கரை இறங்கிவிடும். விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, விரலில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் டாக்டர் ஊசி போட்டார், நல்ல மனிதர். ஆனால் அதற்கு 6,800 ரூபாய் பில். நம் மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது, கட்டிவிட்டு வந்துதான் கேட்டுப்பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி ஆபத்துக்காலப் பயிற்சி கொடுத்தார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகுதான் இந்தப் பயிற்சியைப் புறப்படுவதற்கு முன்போ உடனேயோ முடித்தாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அங்கேதான் சொன்னார்கள், ஆபத்து என்றால் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது, படிதான். மாமா என்னைப் பார்த்தார். படி ஏற முடியாதவர் வருகிறார் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், உதவிக்கு ஆள் குறித்து வைத்திருப்பார்களாம். எங்கள் பதிவில் அப்படி ஒரு வரிகூட இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய கோபம். அந்த ஏஜென்ட் மாமாவின் காலைக் கண்ணால் பார்த்தவர்.

இரண்டாம் நாள் காலை லட்சத்தீவு. கப்பலில் இருந்து பார்க்கவே அந்தத் தண்ணீர் நிறம் கண்ணை அள்ளியது. மாமா வெள்ளை வேட்டி கட்டி, ஆறு மணிக்கே தயாராக உட்கார்ந்திருந்தார். தீவைச் சுற்றிப் பவளப்பாறை என்பதால் பெரிய கப்பல் கரைக்குப் போகாது. வெளியே நிற்கும், சின்னப் படகு வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, ஏறி இறங்கும் படகுக்குள் ஒரு கால் எடுத்து வைக்க வேண்டும். வரிசையில் நின்றோம். பட்டியலில் எங்கள் ஐந்து பேர் பெயரும் இல்லை.

லட்சத்தீவுக்குள் கால் வைக்க இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அதற்கான விவரங்களை முன்கூட்டியே கொடுத்துப் பதிய வேண்டும். எங்கள் ஆதார் நகல், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு, 7,500 ரூபாயும் வாங்கிக்கொண்டு, அந்த ஆள் எதையும் செய்யவில்லை. படகுப் பொறுப்பாளர் எனக்கு மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார்: "பெயர் இருந்தாலும் அச்சனை நான் இறக்கியிருக்க மாட்டேன் சேச்சி. இந்த அலையில் வாக்கரோடு படகு மாறக் கூடாது." அவர் சொன்னது நியாயம். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பாலக்காட்டு ஆபீசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. சொல்லியிருந்தால் மாமா ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பார், அவ்வளவுதான். வேட்டி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்று திரும்பியிருக்க மாட்டார்.

பில் விஷயம் சுருக்கமாக. சாப்பாடு இலவசம்தான், சைவமும் நன்றாக இருந்தது. பாட்டில் பானங்கள், இணையம், சில கேளிக்கைகள், ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், எல்லாம் அறை அட்டையில் ஏறிக்கொண்டே போகும். நடுக்கடலில் செல்ஃபோன் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொண்டால் அதற்கும் தனி ரோமிங் பில் வரும். ஏறியவுடன் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கப்பல் பயணமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். என் பையனுக்கு அது சொர்க்கம். நீச்சல் குளம், மேஜிக் ஷோ, எந்த நேரமும் ஐஸ்கிரீம். கூட வந்த இளம் தம்பதி ஒருவர் திரும்பவும் போகத் திட்டம் போட்டார்கள். கூட்டமும் பாட்டும் பிடித்தவர்கள், படி ஏறி இறங்குகிறவர்கள், ஆட்டம் தாங்குகிற உடம்பு, ஊரைவிடக் கப்பலே போதும் என்கிறவர்கள், அவர்களுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஊரைப் பார்க்க வேண்டும், மண்ணில் கால் வைக்க வேண்டும், நினைத்த இடத்தில் நின்று டீ குடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. மூன்று நாளில் நாங்கள் கரையைத் தொட்டது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முதலில் விதியைக் கேளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் 24 வாரம் தொட்டுவிட்டால் ஏற்ற மாட்டார்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் இடமில்லை. "எவ்வளவு ரூபாய்" என்பதற்கு முன்னால் "யாரெல்லாம் வர்றீங்க, அவங்களால என்ன முடியும்" என்று கேட்காத ஏஜென்ட்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். ஏஜென்ட் 20,000 ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்று ஆள் அனுப்பினார். வாங்கவில்லை. இப்போது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இணையம் வழியாகவும் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, நான் நானேதான் எழுதிக் கொடுத்தேன். குரல் பதிவு, பணம் அனுப்பிய ரசீது, வவுச்சர், கப்பல் மேசையில் வாங்கிய பதிவு விவரத் தாள், நாலையும் இணைத்தேன். அந்தக் கடைசித் தாளைக் கப்பலில் இருக்கும்போதே கேட்டு வாங்கியது பெரிய உதவி.

ஓணம் லீவில் மாமாவைக் கொச்சிக்குக் கூட்டிப்போனோம். வாட்டர் மெட்ரோ படகில் ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய் டிக்கெட். அங்கே படகுத்துறையே தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலியை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். மாமா கண்ணாடி ஓரம் உட்கார்ந்து, துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒவ்வொன்றையும் விரல் நீட்டிப் பேரனுக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

வரும் சீசனுக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் இன்றைக்கு ராத்திரியே வவுச்சரைக் கேட்டு வாங்குங்கள். அறை எண் இருக்கிறதா, இல்லை 'கேரண்டி' என்று இருக்கிறதா? லட்சத்தீவு அனுமதியில் உங்கள் பெயர் இருக்கிறதா? உடம்பு முடியாதவர் வருகிறார் என்று எழுத்தில் போயிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஏஜென்ட் வாயால் பதில் சொன்னால் ஏற்காதீர்கள், கப்பல் கம்பெனிக்கே நேராக ஃபோன் செய்து பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரத்து செய்து பணம் திரும்பப் பெறும் கடைசித் தேதி இன்னும் தாண்டவில்லை என்றால் உங்களுக்கு வழி இருக்கிறது. எங்களுக்கு அந்தத் தேதி, வவுச்சர் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்திருந்தது.