ஒரு பெரிய டேங்கரா, இரண்டு சின்ன பம்பா?

சேலம் கொண்டலாம்பட்டியில் எங்கள் நூல் கிடங்குக்குத் தீயணைப்பு ஏற்பாடு என்று உட்கார்ந்தபோது இரண்டு யோசனைகள் வந்தன. பெரிய பம்பு பொருத்திய 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்குவது. இல்லையென்றால் தரைத்தொட்டி கட்டி, சக்கரம் வைத்த இரண்டு டீசல் பம்புகளை நிறுத்துவது. நாங்கள் எடுத்தது இரண்டாவதை. என் ஓட்டு இன்றும் அதற்குத்தான்.

லாரி தண்ணீரோடு வந்து நிற்கும், அது பெரிய பலம். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் திருப்புவது பாடு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி நிரம்பிய தொட்டி அலையடித்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். இவற்றைச் சமாளித்துவிடலாம். பராமரிப்புதான் ஆளை விழுங்கும்.

அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூயார்க் தீயணைப்புத் துறை 1965இல் மேக் நிறுவனத்தின் ‘சூப்பர் பம்பர்’ வண்டியை இறக்கியது. அதற்கு யோசனை கொடுத்தவர் கப்பல் வடிவமைப்பாளர் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். உள்ளே நேப்பியர் டெல்டிக் இன்ஜின்: 18 சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், முக்கோணமாக மூன்று கிராங்க் ஷாஃப்ட், 2,400 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 8,800 கேலன், அதாவது சுமார் 33,000 லிட்டர் தள்ளும். எங்களுக்குக் காட்டிய டேங்கரை 22 விநாடியில் காலி செய்துவிடும். அசாத்தியமான இயந்திரம், சந்தேகமே இல்லை. ஆனால் ரயிலுக்கும் போர்ப்படகுக்கும் ஓடிய இன்ஜின் அது. தீயணைப்புத் துறையில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தால், உதிரிபாகமும் கைதேர்ந்த ஆளும் அந்த ஒரு வண்டிக்காகவே காத்திருக்க வேண்டும். 1982இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நிலைத்தது அதன் துணை வண்டியான ‘சாட்டிலைட்’ முறை: தடித்த குழாயும் பெரிய நாசிலும் சுமந்து போய், நிமிடத்துக்கு 2,000 கேலன் தள்ளும் பம்பு வண்டிகளோடு சேர்ந்து வேலை பார்ப்பது.

எங்கள் பம்பைப் பார்த்த ஓமலூர் ரோட்டு மெக்கானிக், “இது கெணத்துல ஓடுற இன்ஜின்தானுங்க, கண்ண மூடிட்டுப் பிரிப்பேனுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கலாம். கிளாண்டில், அதாவது பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில், தண்ணீர் அதிகமாகச் சொட்டினால் அங்கே சுற்றியிருக்கும் பேக்கிங் கயிற்றை மாற்ற அரை மணி நேரம். ஒரு பம்பு படுத்தாலும் இன்னொன்று ஓடும். லாரி படுத்தால் எல்லாமே படுத்துவிடும், கூடவே எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், டயர், டிரைவர் சம்பளம். தீயே வராத வருடத்திலும் இந்தச் செலவு நிற்காது.

பம்பிலும் ஒரு தொல்லை உண்டு. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் நூல் பஞ்சு சிக்கினால் குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி பிரைம் செய்ய, அதாவது பம்பில் தண்ணீர் நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்போது வால்வையும் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவற்றை ஒத்திகையில்தான் ஓட்டியிருக்கிறோம். முழுக் கிடங்கும் பற்றினால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது, அப்போது 101தான். தொட்டி கட்ட இடமோ கிணறோ இல்லாதவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்கள் டேங்கரையே பார்க்கலாம். வாங்குமுன் அந்தப் பம்பைப் பிரிக்கத் தெரிந்தவர் சேலத்துக்குள் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.