குளிர்ந்த அடிநிறத்துக்கு எந்த பிளாண்ட்? குன்னூரிலிருந்து சில ஆண்டு அனுபவம்

தலைமுடிக்கு பிளாண்ட், அதாவது வெளிர் நிறம், ஏற்றப் போனால் ஹனி, கோல்டன், கேரமல். மாநிறத் தோலுக்கு இவைதான் பொருந்தும் என்று அழகு நிலையங்களில் ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. மாநிறத்திலும் கறுப்பிலும் இரண்டு வகை உண்டு. சிலருக்குத் தோலின் அடியில் மஞ்சள் ஓடும். சிலருக்கு ரோஜாவோ நீலமோ கலந்த சாயல் இருக்கும். நான் இரண்டாம் வகை. கடுகு மஞ்சள் புடவை கட்டினால் முகம் வாடித் தெரியும்; கத்தரிப்பூ நிறம் கட்டினால் தெளியும். மணிக்கட்டு நரம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை கறுத்த தோலில் அவ்வளவாகப் பிடிபடாது. பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் நின்று, தூய வெள்ளைத் துணியையும் சந்தன நிறத் துணியையும் மாற்றி மாற்றிக் கழுத்தருகே வைத்துப் பாருங்கள். வெள்ளையில் முகம் எடுப்பாக இருந்தால் உங்களுடையது குளிர்ந்த அடிநிறம்.

சில ஆண்டுகளாக நான் வைத்திருப்பது எட்டாம் நிலை பேர்ல் பீஜ், அதாவது முத்துச் சாயல் கலந்த வெளிர் மணல் நிறம். வேர்ப்பகுதியைத் தொடாமல், காதுக்குக் கீழே இழை இழையாக வெளுத்து ஏற்றியது. குளிர்ந்த அடிநிறம் உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிளாண்ட் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் நேரடியாக ஆஷ், அதாவது சாம்பல் சாயல், எடுக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். முடிச்சாயக் குழாயில் முதல் எண் அடர்த்தி. 1 கறுப்பு, 10 மிக வெளிர். புள்ளிக்குப் பின்னுள்ள எண் சாயல். பெரும்பாலான நிறுவனங்களில் 1 என்றால் ஆஷ், 3 என்றால் கோல்டன். கரிய முடியை வெளுக்கும்போது முதலில் சிவப்பும், பிறகு ஆரஞ்சும், அதன்பின் மஞ்சளும் வெளிப்படும். எட்டாம் நிலையில் நிற்பது மஞ்சள். ஆஷ் சாயத்தில் பல நீலத்தை அடிப்படையாகக் கொண்டவை. மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பாசிபோல ஒரு பச்சை தட்டும். மஞ்சளை அடக்குவது ஊதாதான். வெளுத்த பிறகு சாயலைத் திருத்தப் பூசுவது டோனர். பேர்ல் டோனரில் இருப்பது பெரும்பாலும் அந்த ஊதா. அதோடு கொஞ்சம் பீஜ் சேர்ந்தால் முடி நரைத்ததுபோலத் தெரியாது. பத்தாம் நிலை பிளாட்டினம் வரை போனால் நம் புருவத்துக்கும் முடிக்கும் இடையில் ஒட்டுறவே இருக்காது. வேரைக் கறுப்பாகவே விட்டால் முகத்தைச் சுற்றி இயல்பான நிழல் நிற்கும். முடி வளர்ந்தாலும் கோடு விழாது.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே மூடுபனி வெளிச்சம் நீலம் கலந்தது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஷேடு அட்டையைப் பார்த்தால் எல்லாச் சாயலும் ஒரு படி குளிர்ந்தே தெரியும். அதே முடியோடு மேட்டுப்பாளையம் பஸ் ஏறி மலையிறங்குங்கள். பர்லியார் தாண்டி வெயில் அடித்ததும் உள்ளிருக்கும் மஞ்சள் முழுதும் தெரிந்துவிடும். அதனால் டோனர் போட்ட பிறகு வெயிலிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திருப்திப்பட வேண்டும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிரும் கூடும் என்பதால் இங்கே வெயில் அடிக்கும் நாட்களில் நிறம் விரைவில் வெளிறும். தொப்பியோ துப்பட்டாவோ போட்டுக்கொள்வது நல்லது. கம்பளிக் குல்லா மட்டும் வேண்டாம். வெளுத்த முடி அதில் உரசி உடையும்; உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்த பிறகுதான் எனக்கு நுனி உடைவது குறைந்தது.

மார்கழிக் குளிரில் பிளீச் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு கடையில் அதை ஈடுகட்ட, பிளீச் பொடியோடு கலக்கும் டெவலப்பரில் 40 வால்யூமை எடுத்தார்கள். வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். அது 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இப்போது நான் போகும் அக்கா 20 வால்யூம், அதாவது 6 சதவீதம், அதைத் தாண்டுவதில்லை. “அவசரப்பட்டால் முடி ரப்பராகிவிடும், கண்ணு. இன்று ஆரஞ்சு வரை போகட்டும், மிச்சத்தை அடுத்த முறை பார்க்கலாம்” என்பார். அவருடைய பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பராமரிப்பில் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது வெந்நீர். எங்கள் வீட்டில் விறகு போட்டு எரிக்கும் பழைய செம்பு பாய்லர் இருந்தது. வெளுத்த முடி நீரிலுள்ள செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நுனியில் பச்சை ஏறத் தொடங்கியது. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஷாம்பு ஒன்று கிடைக்கிறது. உறையில் ‘ஈடிடிஏ’ என்று போட்டிருக்கும். அதைப் போட்டதும் பச்சை விட்டது. பிறகு தலைக்கு ஊற்ற கீசர் தண்ணீர்தான், அதுவும் வெதுவெதுப்பாக. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் டோனர் சீக்கிரம் கழுவிப் போகும்.

ஊதா ஷாம்பு வாரம் ஒருமுறை, மூன்று நிமிடம், போதும். தினமும் போட்டால் முடி சாம்பல் பூத்து, வறண்டும் போகும். தேங்காய் எண்ணெயை நான் விடவில்லை. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது. இங்கே பாட்டிலில் உறைந்தே கிடக்கும். உள்ளங்கையில் உருக்கி, குளிப்பதற்கு முந்தைய இரவு நுனிக்கு மட்டும் தடவுகிறேன். டோனர் மாதம் ஒன்றரை ஆவதற்குள் மங்கிவிடும். முழு பிளீச்சையும் திரும்பச் செய்யாமல் டோனரை மட்டும் புதுப்பித்துக்கொள்வதால் செலவு தாங்குகிறது.

கடையில் விற்கும் கறுப்பு மருதாணிப் பொடி போட்டவர்கள் அவசரப்பட வேண்டாம். சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும்; பிளீச் பட்டால் முடி சூடேறிக் கருகக்கூடும். வெட்டிய முடியில் கொஞ்சம் எடுத்து முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். சாயத்தில் பிபிடி என்ற ரசாயனம் இருந்தால் ஒவ்வாமை வரலாம் என்பதால் 48 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவிப் பார்ப்பதையும் எந்தக் கடையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.