கணக்கு மூலைகள்: மணியடித்து மாற்றுவதா, பிள்ளைகளே தேர்ந்தெடுப்பதா?

வகுப்பில் நான்கைந்து கணக்கு மூலைகள், அதாவது பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பொருட்களை வைத்துக் கணக்குப் பழகும் இடங்கள், வைத்தாயிற்று. பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

15 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துக் குழுக்களை மாற்றினால், எல்லோரும் எல்லா மூலைக்கும் போவார்கள். எந்தக் குழு எப்போது ஆசிரியரிடம் வரும் என்பதும் தெரியும். ஆனால் 42-இலிருந்து 17-ஐக் கழிக்க ஒரு பத்துக் குச்சிக் கட்டைப் பிரிக்கும் குழந்தைக்கு, கடன் வாங்குவது ஏன் என்று பிடிபடுகிற நேரத்தில் மணி அடித்துவிடும். அந்த இழப்பு பெரிது.

வேலைப் பட்டியலைக் கொடுத்து எந்த மூலைக்கு முதலில் போவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டால், யோசிக்க நேரம் கிடைக்கும். சரி, சிலர் விளையாட்டு மூலையை விட்டு நகர மாட்டார்கள்தான். கட்டாயம் முடிக்க வேண்டியவை என்று இரண்டைக் குறித்துவிடலாம்.

பொருட்களை எடுத்து வைக்கப் பழகும்வரை மணி இருக்கட்டும். அப்புறம் பட்டியல்தான் என் தேர்வு, குறிப்பாகக் கழித்தலும் பின்னமும் நடக்கும்போது.