ஓத அட்டவணையோடு ஆறு ஆண்டுகள்

சிங்கப்பூரில் கடலோரம் நடக்கவும் கயாக் ஓட்டவும் தொடங்கி ஆறு ஆண்டாகிறது. கடல்நீர் எப்போது, எவ்வளவு ஏறி இறங்கும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை, கைப்பேசியில் ஒரு செயலி, அம்மா ஊரிலிருந்து அனுப்பும் தினசரி நாட்காட்டி. இந்த மூன்றையும் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. நாட்காட்டி என்றதும் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில்தான் நீர் நன்றாக ஏறி, நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டுமே மட்டு. நல்ல காரியத்துக்கு ஆகாத நாள், புலாவ் உபின் தீவில் நான் நடக்கப் போகும் செக் ஜாவா கடற்கரைக்கும் ஆகாது.

முதலில் நான் நேரத்தை மட்டும்தான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வற்றம் என்றிருந்தது. வீட்டாரைக் கூட்டிக்கொண்டு சாங்கி முனைக்குப் போய், பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து படகேறி, புலாவ் உபினில் வியர்க்க வியர்க்க சைக்கிள் மிதித்துப் போனால், செக் ஜாவா நடைபாலத்துக்குக் கீழே வெறும் தண்ணீர். அன்றைய வற்றத்திலேயே நீர்மட்டம் 1.3 மீட்டர். அங்கே மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே தெரிய 0.5 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். இப்போதெல்லாம் முதலில் உயரம், அப்புறம்தான் நேரம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை ஆழமான வற்றம் பெரும்பாலும் விடியுமுன் வருகிறது. சுமத்ராவிலிருந்து மின்னலோடு சூறைக்காற்று வருவதும் அதே மாதங்களில், பெரும்பாலும் அதே நேரத்தில்தான். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ரேடார் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்த நாட்கள் நிறைய.

கயாக்கில் கணக்கு தலைகீழ். உபினின் சதுப்புநிலக் காட்டு ஓடைகளுக்குள் போக நீர் ஏறியிருக்க வேண்டும். ஒருமுறை, சுற்றுலா போன இடத்தின் துறைமுகத்திலிருந்து செயலியைச் சிங்கப்பூருக்கு மாற்றாமல் விட்டிருந்தேன். ஓடைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் நீர் வடிந்து, கயாக் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. இறங்கினால் தொடைவரை புதையும். இரண்டு மணி நேரம் கொசுக்கடிதான். அதிலிருந்து, ஏற்றம் முடியச் சற்று முன்பே உள்ளே போய், நீர் திரும்புமுன் வெளியே வந்துவிடுகிறேன்.

செயலி பரவாயில்லை, ஆனால் அதன் வளைவுக்கோடு நீர்மட்டத்தைத்தான் காட்டும், நீரோட்டத்தை அல்ல. தெற்கே சிங்கப்பூர் நீரிணைப் பக்கம் நீர் ஏறி முடியும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓட்டத்துக்கு எதிராகக் காற்றும் அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். துடுப்பு போட்டும் கயாக் நகராது. அந்தப் பக்கம் போகும்போது நீரோட்ட அட்டவணையைத் தனியாகப் பார்க்கிறேன்.

இன்னொன்று, உபினில் கைப்பேசி அடிக்கடி மலேசிய அலைவரிசைக்குத் தாவிவிடும். ரோமிங் கட்டணம் ஒருமுறை கட்டியாயிற்று. இப்போது வீட்டிலேயே அட்டவணையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.