பெர்சிமன் வாங்கப் போறீங்களா, வடிவத்தைப் பாருங்க

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பழக்கடையில் பெர்சிமன் நாலு வாங்கினேன். "அப்படியே சாப்பிடலாம்ணே" என்றார் கடைக்காரர். அடி கூம்பின பழம், கல்லு மாதிரி. கடித்ததும் பச்சை வாழைப்பூவை மென்றதுபோல நாக்கே மரத்துப்போச்சு, அவ்வளவு துவர்ப்பு. எல்லாம் பழத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. தட்டையாக இருக்கும் ஃபுயூ வகையைத்தான் கெட்டியாகவே நறுக்கித் தின்னலாம், கூம்பின ஹச்சியா வகை கொழகொழவென்று கனியணும், இதை அவர் சொல்லியிருக்க வேண்டாமா?

மிச்ச மூன்றையும் வாழைப்பழத்தோடு காகிதப்பையில் மூடிவைத்தேன். ஐந்தாம் நாள் தோல் பளபளவென்று மெலிந்து, ஸ்பூனால் வழித்தால் தேன் ஊறின சப்போட்டா மாதிரி, அம்மா ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டார்கள். 100 கிராமில் சுமார் 70 கலோரி, 3.6 கிராம் நார்ச்சத்து, உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினும் உண்டு. சர்க்கரையும் 12 கிராமுக்கு மேல், சுகர் இருக்கிறவர்கள் அளவோடு சாப்பிடுங்கள். பழம் அருமை, அந்தக் கடைக்கு மறுபடி போக மாட்டேன்.