தேனீ கேட்டால் தேனி வரும்: நூலகத் தொடுதிரையோடு நான்கு வருடம்

பள்ளிக்கூட நண்பன் ஒருவன் முப்பது வருடம் கழித்து ஊருக்கே குடிவந்திருக்கிறான். வந்த வாரமே வாட்ஸ்அப்பில் கேட்டான்: "நம்ம லைப்ரரி முழுக்க கம்ப்யூட்டராம்ல, சேரலாமாடா?" ரெண்டு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்ல மனுஷர்கள், தினமும் முகம் பார்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். நாமே புத்தகம் பதிந்துகொள்ளும் இயந்திரம் அருமை. ஐந்து புத்தகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறது. நான்கு வருடத்தில் இரண்டே முறைதான் மக்கர் செய்தது. தவணைக்கு முந்தின நாள் வரும் குறுஞ்செய்தியால் நான் அபராதம் கட்டியே வெகுநாளாகிறது.

இனி, புத்தகம் தேடுவதற்கென்று வைத்திருக்கும் அந்தத் தொடுதிரை.

மார்த்தாண்டம் பக்கமிருந்து இரண்டு நியூட்டன் தேனீப் பெட்டி வாங்கி மொட்டைமாடியில் வைத்திருந்தேன். ஒரு சித்திரையில் ஒரு பெட்டி காலி. ராணியோடு மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விட்டது. ஏன் போனது என்று தெரிந்துகொள்ள நூலகத்துக்கு ஓடினேன். திரையில் ஆங்கில எழுத்துப் பலகை மட்டும். டி-ஹெச்-இ-என்-ஐ என்று தட்டினேன். தேனி மாவட்ட வரலாறு, வைகை அணை, புள்ளிவிவரக் கையேடு என்று வரிசையாக வந்தன. கடைசி எழுத்தை மாற்றி இரண்டு இ போட்டேன், ஒன்றுமில்லை. முன்னாலும் இரண்டு இ போட்டேன், அப்போதும் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உதவியாளர் அக்கா எழுந்து வந்தார். "என்ன சார் தேடுறீங்க?" சொன்னேன். நேராக மூன்றாவது அலமாரிக்குப் போய் மூன்று புத்தகத்தை உருவிக் கையில் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீம்புக்கு அந்த மூன்றும் திரையில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்தேன். ஒன்றில் 'டி'க்குப் பிறகு ஹெச் கிடையாது. இன்னொன்றில் வளர்ப்புக்கு ஒரு 'பி'தான். மூன்றாவதை அதன் பதிவேட்டு எண்ணைப் போட்டுத்தான் பிடிக்க முடிந்தது.

காரணம் பிற்பாடு தெரிந்தது. பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றியவர்கள் பலர், ஒப்பந்தத்தில் வந்து போனவர்கள். ஒருவர் ழகரத்துக்கு இசட்-ஹெச் போட்டார், அடுத்தவர் எல் போட்டார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, இப்படி எழுது என்று யாரும் கையில் ஒரு தாள் கொடுக்கவில்லை. இந்திய மொழிகளை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கென்று 2001-லேயே ஐ.எஸ்.ஓ. 15919 என்ற தரமுறை வந்துவிட்டது. ஆனால் அதன்படி எழுதினால் நெடிலுக்கு எழுத்தின் தலைமேல் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைத் தொடுதிரையில் எந்த வாசகன் போடுவான்? தமிழ்ப் புத்தகத்தைத் தமிழ் எழுத்திலேயே ஏற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

மென்பொருள் மேல் பழி போடவும் வழியில்லை. எங்கள் ஊரில் ஓடுவது கோஹா. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. காசில்லாமல் கிடைக்கிறது, தமிழ் எழுத்தையும் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. நாம்தான் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு திரையில் தமிழ் விசைப்பலகை வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதிதாக வாங்கும் புத்தகங்கள் மட்டும் தமிழில், பழையதெல்லாம் அதே ஆங்கில எழுத்தில். ஆக, எதையும் இரண்டு முறை தேட வேண்டும். இதற்கு மேல், அம்மா ஸ்ரீரங்கம் பற்றி ஏதாவது கொண்டுவரச் சொன்னபோது இன்னொரு பூதம் கிளம்பியது. 2005-ல், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் ஶகரத்துக்குத் தனி இடம் கொடுத்த பிறகு, 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகத் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், கணினிக்கு வேறுவேறு. எங்கள் திரைக்கு இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தெரியாது. ஏற்றியவர் ஒரு விதம், நான் ஒரு விதம். அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இல்லை என்று சாதிக்கிறது.

திரைக்கு நேர்மேலே நூலகவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் படம். ஆகஸ்ட் 12 வந்தால் மாலை போடுவார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-லேயே விதி எழுதி வைத்த மனிதர். அவர் கண் முன்னாலேயே நான் ஒரு சொல்லை நாலு விதமாகத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். புத்தகத் திருட்டைப் பிடிக்க வாசலில் நிற்கும் அந்த ஆர்.எஃப்.ஐ.டி. கேட் எதற்கு? ஒழுங்காகப் பதிந்த புத்தகத்தோடு போகும்போதே இரண்டு முறை என்னைப் பார்த்து அலறியிருக்கிறது. திருடுகிறவனைப் பற்றி யோசித்ததில் பாதி, தேடுகிறவனைப் பற்றி யோசித்திருக்கலாம். அந்தக் காசில் தமிழ் தெரிந்த நாலு பிள்ளைகளுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்துப் பதிவுகளைத் திருத்தியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் எரிச்சலில், தலைப்பை விட்டுவிட்டு, புத்தக முதுகில் ஒட்டியிருந்த டூயி எண்ணை, அதாவது பொருள்வாரியாகப் புத்தகத்தைப் பிரிக்கும் எண்ணைத் தட்டினேன்: 638. தேனீ மொத்தமும் வந்து விழுந்தது, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே. கூடவே பட்டுப்புழு, அரக்குப் பூச்சி. எண்ணில் ஏது எழுத்துப்பிழை? பழைய மர இழுப்பறையில், பித்தளைக் கம்பி கோத்த புத்தகப் பட்டியல் அட்டைகளைத் தள்ளும்போது, தேடாத பக்கத்து அட்டை ஒன்று கண்ணில் படுமே, அந்தச் சுகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கூட்டம் பிரிவதைப் பற்றி விளக்கமாக எழுதிய பழைய கையேடு ஒன்று அப்படித்தான் கிடைத்தது. அதைப் படித்துத்தான் இரண்டாவது பெட்டியைத் தக்கவைத்தேன்.

அதற்குப் பிறகு நாற்பது பொருள் தலைப்புகளைத் தமிழில் எழுதி, எதிரே டூயி எண் போட்டு, ஒரு முழுத்தாளாக நூலகரிடம் கொடுத்தேன். அக்கா அதைத் திரைக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டார். ஓரம் அழுக்கேறிவிட்டது, அத்தனை விரல்கள்.

இவ்வளவும் எழுதியபின் நண்பனுக்கு என்ன பதில் போட்டேன் தெரியுமா? "சேருடா. ஆனா அக்கா லீவு போடாத நாளாப் பாத்து வா."