மலைக்குக் கட்டி ஆயில் சரியா? 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50: ஓர் ஒப்பீடு

ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பும் பிக்கப் வண்டி, ஜனவரி மாதத்தில் 2 அல்லது 3 டிகிரிக் குளிரில் ஸ்டார்ட் ஆகி, குன்னூர் வழியாகச் சுமார் 1,900 மீட்டர் கீழிறங்கி, மேட்டுப்பாளையம் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு உர மூட்டைகளோடு அதே கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் திரும்பி வருகிறது. உறைபனியையும் நீண்ட ஏற்றத்தையும் ஒரே நாளில் ஒரே ஆயில் தாங்கியாக வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதற்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏத்தத்துக்குக் கட்டி ஆயில்தாண்ணா தாங்கும்." இந்தப் பேச்சை நம்பி, கையேடு 15டபிள்யூ-40 என்று சொல்லியிருந்த என் டீசல் வண்டியில் ஒரு முழு வருடம் 20டபிள்யூ-50 ஊற்றி ஓட்டினேன். அந்த யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதுதான் எனக்குத் தாமதமாகப் புரிந்தது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் எண், எஞ்சினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறதா என்று எந்தக் குளிரில் சோதித்தார்கள் என்பதற்கான குறியீடு: 20டபிள்யூவுக்கு மைனஸ் 15 டிகிரி, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. பின்னால் வரும் எண் 100 டிகிரியில் உள்ள பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. ஊட்டியின் எந்த உறைபனியும் மைனஸ் 15-ஐ நெருங்குவதில்லை என்பதால், மூன்று ஆயிலிலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். "இங்கே என்ன காஷ்மீரா?" என்று கேட்பவர்கள் இந்த அளவில் சொல்வது சரியே. ஆனால் ஸ்டார்ட் ஆவது வேறு. ஸ்டார்ட் ஆன எஞ்சினின் உச்சிக்கு ஆயில் போய்ச் சேர எடுக்கும் நேரம் வேறு.

டப்பா விவரத் தாள்களில் வழக்கமாகக் காணப்படும் 40 டிகிரி, 100 டிகிரி அளவுகளை வைத்து 5 டிகிரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5டபிள்யூ-30 சுமார் 400 சென்டிஸ்டோக்ஸ், 15டபிள்யூ-40 சுமார் 870, 20டபிள்யூ-50 ஏறக்குறைய 1,600 என்று வந்தது. அதே மூன்றும் 100 டிகிரியில் முறையே 11.5, 14.5, 18 மட்டுமே. அதாவது சூட்டில் ஒன்றரை மடங்கு கெட்டிக்காக, விடியற்காலையில் நான்கு மடங்கு கெட்டியை விலையாகக் கொடுக்கிறோம். கணக்கில் நம்பிக்கை வராமல், மூன்றையும் சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி ஓர் இரவு வாசல் திண்ணையில் வைத்தேன். காலையில் ஒவ்வொன்றிலும் ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டபோது, 5டபிள்யூ-30இல் விழுந்ததே தெரியாமல் 'டக்' என்று அடியில் சத்தம் கேட்டது. 20டபிள்யூ-50இல் குண்டு இறங்குவதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது.

எஞ்சினுக்குள் இந்த வேறுபாடு தேய்மானமாக மாறுகிறது. ஆயில் மிகக் கெட்டியாக இருக்கும்போது பம்ப் உண்டாக்கும் அழுத்தம் அளவுமீறுவதால், ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதி ஆயில் மேலே போகாமலேயே சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) திரும்புகிறது. ஃபில்டரைத் தாண்டவும் சிரமப்படுவதால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குகளுக்குப் போகிறது. அந்த வினாடிகளில், எஞ்சினின் உச்சியில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், முந்தைய நாள் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை மட்டும் நம்பிச் சுழல்கிறது. தேய்மானத் தடுப்பு மருந்தான துத்தநாகச் சேர்மமும் சூடு ஏறிய பிறகே முழுமையாக வேலை செய்யும். 20டபிள்யூ-50 இருந்த ஜனவரியில் என் வண்டியின் ஆயில் விளக்கு அணைய ஐந்து வினாடி ஆனது; 15டபிள்யூ-40க்கு மாறிய பிறகு இரண்டே வினாடி. பிரஷர் மீட்டர் உள்ள வண்டிக்காரர்கள் முள் உயர்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்வார்கள். முள் காட்டுவது ஓட்டத்தை அல்ல, ஓட்டத்துக்கு உள்ள தடையை.

இனி ஏற்றம். கட்டி ஆயிலுக்கான வாதம் இங்கேதான் பலமானது. முழுச் சுமையில், குறைந்த வேகத்தில், காற்றும் போதாமல் ஏறும்போது பேரிங்கிலுள்ள ஆயில் படலம் மெலிகிறது. அங்கே முக்கியமானது 150 டிகிரியில், மிகுந்த உராய்வு வேகத்தில் அளக்கப்படும் பாகுத்தன்மை. தர விதிப்படி 30 வகைக்கு இதன் குறைந்தபட்ச அளவு 2.9 மில்லிபாஸ்கல்-வினாடி (இது வேறு அலகு), 15டபிள்யூ-40க்கு 3.7. பாரம் இழுக்கும் பழைய டீசலில் 2.9 அளவுள்ள ஆயிலை ஊற்ற நான் துணியமாட்டேன். ஆனால் 20டபிள்யூ-50க்கு விதி கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதே 3.7தான் என்பதைப் படித்தபோது, ஒரு வருடம் நான் எதை வாங்கினேன் என்ற கேள்வி எழுந்தது. நடைமுறையில் 50 வகை சற்றுக் கூடுதலாகவே காட்டும். அந்தக் கூடுதலுக்கு நான் கொடுத்தது தினமும் மூன்று வினாடி உலர்ந்த கேம்ஷாஃப்ட்.

20டபிள்யூ-50க்கு உரிய இடமும் உண்டு. ரிங்கும் வால்வு கைடும் தேய்ந்துபோன பழைய பெட்ரோல் வண்டி இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் வரும்போது, மூடிய த்ராட்டில் உண்டாக்கும் உறிஞ்சலில் ஆயில் மேலே இழுக்கப்பட்டு, பர்லியாறில் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் நீலப்புகை கக்கும். கட்டி ஆயில் அதைக் குறைக்கும். தேய்ந்ததை அது சரிசெய்யாது. எஞ்சின் வேலையைச் சில மாதம் தள்ளிப்போடும், அவ்வளவே.

ஆகவே பாரம் ஏற்றும் பழைய டீசலுக்கு 15டபிள்யூ-40 என்பதே என் தேர்வு. துகள் வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசலுக்குக் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் வகை கட்டாயம், 5டபிள்யூ-30இலேயே அந்த 150 டிகிரி அளவு 3.5க்குக் குறையாத வகை இருப்பதால் ஏற்றத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. புதிய பெட்ரோல் கார்களில் கையேடு சொல்லும் 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20ஐ விட்டு வேறு வகைக்கு மாறவே கூடாது. வால்வு நேரத்தை மாற்றும் பொறியமைப்பு அந்த ஆயிலின் ஓட்டத்தை நம்பியே இயங்குகிறது. பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், கார் ஆயிலை ஊற்றினால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிகளின் நிலை தனி. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லாததால், எரியாத பெட்ரோலும் ஈரமும் சம்ப்பில் தங்கி எந்த ஆயிலையும் கெடுத்துவிடுகின்றன. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் நிறத்தில் நுரை படிந்திருக்கும். அந்த வண்டிக்காரர்கள் ஆயில் வகையை மாற்ற வேண்டாம். ஆயில் மாற்றும் கிலோமீட்டரைப் பாதியாக்கினால் போதும்.